ஆயில்யத்துக்குத் தள்ளிப்போன கட்டளை

முப்பத்து மூன்று வயதில் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். ஆனால் நடந்தது அதுதான். திண்டுக்கல்லில் நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்த மேசையை வங்கி மூடிவிட்டது. ஸ்டேட்மெண்டில் புரியாத பிடித்தம் ஏதாவது இருந்தால், அதை எடுத்தது யார், எதற்காக எடுத்தார்கள், எப்படி நிறுத்துவது, எப்படித் திரும்பக் கேட்பது என்று பார்த்துச் சொல்கிற மேசை அது. இப்போது அந்த வேலையைச் செயலியில் ஒரு பொத்தான் செய்கிறது. வேறு ஊரில் வேறு வேலை தருவதாகச் சொன்னார்கள். நான் போகவில்லை.

கடைசி நாள் இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தபோது, எனக்குப் பின்னால் சேர்ந்த நிவேதா வந்து நின்றாள். "அக்கா, நீங்க டீ குடிக்கிறதுக்குக்கூட லிஸ்ட் போடுற ஆளு. அந்தக் கட்டளை கேஸ மட்டும் எங்கயும் எழுதி வைக்கலையேக்கா" என்றாள். எந்தப் பட்டியலிலும் அது அடங்கவில்லை, அதனால்தான் எழுதவில்லை. இப்போது முயன்று பார்க்கிறேன்.

நான் படித்தது மின்னணுப் பொறியியல். வங்கித் தேர்வு எழுதித் தேறினேன், சென்னையில் ஆறு வாரம் பயிற்சி. அங்கே கற்றவற்றில் மூன்று விஷயங்கள் கடைசி வரை உதவின. ஸ்டேட்மெண்டில் வருவது பல நேரம் கடையின் பெயராக இருக்காது. பணம் வாங்கும் நிறுவனத்தின் பதிவுப் பெயராக இருக்கும். செயலியைப் போனிலிருந்து அழித்தால் சந்தா அழியாது. சந்தாவை நிறுத்துவதும், பணம் எடுத்துக்கொள்ளக் கொடுத்த அனுமதியை ரத்து செய்வதும் இரண்டு தனித்தனி வேலைகள், இரண்டையும் செய்தாக வேண்டும்.

இரண்டாவது விஷயத்தை விளக்கித்தான் என் தொண்டை வறண்டது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பிரியாணிக் கடை வைத்திருப்பவர் ஒருவர் மாதம் தவறாமல் வருவார். "ஆப்பையே அழிச்சுட்டேன் மேடம், இன்னும் எடுக்குறான் பாருங்க" என்பார். "அண்ணே, பால்காரருகிட்ட சொல்லாம வீட்ட மட்டும் காலி பண்ணிட்டு வந்துருக்கீங்க. அவரு பழைய வீட்டு வாசல்ல தினமும் பாக்கெட் போட்டுட்டுத்தான் இருக்காரு" என்று ஒருமுறை சொன்னேன். அதற்குப் பிறகு அவர் கடையில் யாராவது புலம்பினால் அவரே அதைச் சொல்லி எங்களிடம் அனுப்பிவைத்தார்.

மேசைக் கண்ணாடிக்கு அடியில் என் பட்டியல் இருந்தது. பெயரைப் பார்க்காதே, முதலில் தொகையைப் பார். அதே தொகை எத்தனை நாளுக்கு ஒருமுறை போயிருக்கிறது என்று எண்ணு. முதல் பிடித்தத்துக்குச் சில நாள் முன்பு ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ போயிருக்கிறதா என்று தேடு. இலவசச் சோதனைக் காலம் பெரும்பாலும் அந்த ஒற்றை ரூபாய் வழியாகத்தான் உள்ளே வரும். போனில் ஆட்டோபே பக்கத்தைத் திறந்து, நடப்பிலிருக்கும் அனுமதிகளைப் பார். குறுஞ்செய்தியிலும் மின்னஞ்சலிலும் அந்தத் தொகையை எண்ணாகப் போட்டுத் தேடு. இந்தப் போன் வீட்டில் வேறு யார் கைக்குப் போகிறது என்று கேள். இவ்வளவும் முடிந்த பிறகு மட்டும் 'மோசடி' என்ற சொல்லை எடு.

பட்டியல் நல்ல பட்டியல்தான். பூட்டுப் பட்டறை வைத்திருந்த ராசு அண்ணாச்சி, வெளிநாட்டுக்காரன் எவனோ தன் கணக்கில் கை வைக்கிறான் என்று போலீசுக்கே போகக் கிளம்பியவர். நாலாவது படியில் விஷயம் தெரிந்தது. அவர் போன் நிரம்பிவிட்டதால் படங்களை இணையத்தில் வைத்துக்கொள்ள அவரே வாங்கிய இடம் அது. உள்ளே ஆயிரக்கணக்கில் சாவிப் படங்கள். தான் செய்த ஒவ்வொரு சாவியையும் கைக்குட்டை மேல் வைத்துப் படம் எடுத்திருந்தார். "நிறுத்திரட்டுமா அண்ணாச்சி?" என்றேன். "அம்புட்டுச் சாவியும் போயிருமா?" என்று கேட்டவர், போகும் என்றதும் எழுந்துகொண்டார். "எடுக்கட்டும், எடுக்கட்டும். அவன் நல்லவந்தான்."

இனி அருள்மேரி மேடம். எங்கள் மேசைக்கு அவர்தான் தலைமை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். யாருக்கும் எதுவும் கற்றுத்தருகிற வழக்கம் அவரிடம் இல்லை. கேட்டால் "பாத்துக்க" என்பார். வாடிக்கையாளர் உட்கார்ந்ததும் கணினித் திரையை அவர் பக்கம் முழுவதும் திருப்பிவிடுவார். பிறகு ஸ்டேட்மெண்டை அச்செடுத்து, பள்ளிக்கூடத்து மர ஸ்கேலை எடுத்து, சந்தேகப்பட்ட வரிக்கு அடியில் வைப்பார். அந்த வரியைப் படிக்க மாட்டார். அதற்கு மேலே உள்ள ஐந்து வரிகளையும் கீழே உள்ள ஐந்து வரிகளையும் படிப்பார். "இந்த வரி என்னன்னு அவங்களுக்குத் தெரியாது. அன்னிக்கு அவங்க எங்க இருந்தாங்கன்னு அக்கம்பக்கத்து வரிக்குத் தெரியும்ல" என்று ஒரே ஒருமுறை சொன்னார். 'நீங்க ஏமாந்துட்டீங்க' என்று அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்தப் புதன்கிழமை காலை வந்தவர்கள் இரண்டு பேர். கன்னிவாடிப் பக்கம் அரை ஏக்கரில் கனகாம்பரமும் மல்லியும் போட்டிருக்கும் பாண்டியம்மாள். வயது ஐம்பதுக்கு மேல். கூட அவர் மகள் சித்ரா, தனியார் பள்ளி ஆசிரியை. விடியற்காலையில் பூவை மார்க்கெட்டில் போட்டுவிட்டு அம்மா அப்படியே வந்திருந்தார். பூக்கடைக்காரர்கள் இப்போது பணத்தைப் போனில் அனுப்புவதால், எங்கள் வங்கிச் செயலி தமிழில் அவர் போனில் இருந்தது.

சித்ராதான் ஆரம்பித்தார். "மேடம், எங்கம்மா கணக்குல எவனோ பத்து தடவை காசு எடுத்துருக்கான். பேரப் பாருங்க, பேரா இது? நாலு எழுத்து, ஒரு நட்சத்திரம், அப்புறம் வெறும் நம்பரு."

"நட்சத்திரந்தான்டி. அதத்தான நானும் சொல்றேன்" என்றார் பாண்டியம்மாள்.

"அம்மா, அது ஸ்டார் குறிம்மா. நீ செத்த நேரம் பேசாம இரு."

"நீ பேசாம இருடி. நான் கேக்க வந்தது வேற." என் பக்கம் திரும்பினார். "தாயி, எடுக்கட்டும். அத நான் வேணாம்னு சொல்லல. ஆனா நட்சத்திரம் பாத்துல்ல எடுக்கணும்? மொதல்ல சரியா கார்த்திகையில எடுத்தாங்க. அடுத்தது ரோகிணில விழுந்துச்சு. சரி, நாழிகை முன்னப்பின்ன இருக்கும்னு விட்டேன். அப்புறம் மிருகசீரிஷம், திருவாதிரைன்னு தள்ளித் தள்ளிப் போயி இப்ப ஆயில்யத்துல வந்து நிக்குது. ஆயில்யமா எம்மவன் நட்சத்திரம்? இதக் கேக்க நாதியில்லையா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாதபோது நான் செய்வதைச் செய்தேன். பத்துத் தேதிகளையும் ஒரு தாளில் எழுதி ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தேன். எல்லா இடைவெளியும் இருபத்தெட்டு நாள். போன் ரீசார்ஜ் போல இருபத்தெட்டு நாள் சந்தா. தினசரிக் காலண்டரை எடுத்து வைத்து நட்சத்திரங்களைப் பார்த்தேன். ஒரு நட்சத்திரம் திரும்பி வர இருபத்தேழு நாளும் சில மணி நேரமும் ஆகிறது. ஒவ்வொரு முறையும் முக்கால் நாள் போலப் பிந்தி, பத்தாவது பிடித்தம் ஆயில்யத்தில்தான் விழுந்திருந்தது. அவர் சொன்னது அச்சுப் பிசகாமல் சரி. எங்கோ ஒரு சர்வரில் ஓடிக்கொண்டிருக்கும் பில்லிங் கணக்கின் இடைவெளியை, பூத்தோட்டத்தில் நின்றபடி, கிழிக்கிற காலண்டரை வைத்துக்கொண்டு ஒருவர் பிடித்திருக்கிறார். கணினி முன்னால் உட்கார்ந்திருந்த நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அருள்மேரி மேடம் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார். "அம்மா, இந்தப் பணம் எதுக்குப் போகுதுன்னு வச்சிருக்கீங்க?"

"கட்டளைக்கு" என்றார் பாண்டியம்மாள், இதைக்கூடவா கேட்பார்கள் என்பதுபோல.

எங்கள் பக்கம் கட்டளை என்றால் கோயில் கட்டளைதான். ஒருவர் பேரில், அவருடைய நட்சத்திரத்தில், மாதாமாதம் பூசை நடக்கப் பணம் கட்டி வைப்பது. பாண்டியம்மாளின் மகன் செல்வம் லோடு வண்டி ஓட்டுகிறவர். ஒன்பது மாதத்துக்கு முன் நடந்த விபத்தில் தலையில் அடி. மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். வராந்தாவில் பக்கத்து நோயாளிக்குத் துணையாக இருந்த ஒரு பெண், தன் போனில் தினமும் முருகன் படம் வருவதைக் காட்டியிருக்கிறார். இவரும் அந்தச் செயலியைப் போட்டுக்கொண்டிருக்கிறார். அது பெயர் கேட்டது. மகன் பெயரைப் போட்டார். நட்சத்திரம் கேட்டது, கார்த்திகை என்றார். கடைசியாக எங்கள் வங்கியின் திரை வந்திருக்கிறது.

மேடம் அவர் போனை வாங்கி அந்தப் பக்கத்தைத் திறந்தார். சந்தாவுக்குப் பணம் எடுக்கும் அனுமதியை எங்கள் வங்கி தமிழில் எப்படி மொழிபெயர்த்து வைத்திருந்தது என்பதை அன்றைக்குத்தான் நான் கண் திறந்து பார்த்தேன். "தொடர் கட்டளையை ஏற்கிறீர்களா? ஆம் / இல்லை." ஆங்கிலத்தில் பழகிப்போன நாங்கள் யாரும் அந்தத் தமிழைப் படித்ததே இல்லை.

"ஆமான்னு அமுக்குனேன்" என்றார் பாண்டியம்மாள். "ஒடனே ஒத்த ரூவா எடுத்துச்சு. நேந்துக்கிட்டா மஞ்சத் துணியில ஒத்த ரூவா முடிஞ்சு வைக்கிறதுதான? அப்பிடித்தான் போலன்னு நெனச்சேன். மூணாம் நாளு கார்த்திகை. அன்னிக்கே கட்டளைப் பணத்த எடுத்துக்கிட்டாங்க. அன்னிக்குத்தான் எம்புள்ள கண்ணு முழிச்சுச்சு."

ஒற்றை ரூபாய். நட்சத்திரம். கட்டளை என்ற சொல். மூன்றாம் நாள். எந்த ஊரிலோ உட்கார்ந்து அந்தச் செயலியைக் கட்டிய யாருக்கும் நேர்ச்சை என்றால் என்னவென்று தெரிந்திருக்காது. ஆனாலும் அவர்கள் கட்டியது ஒரு நேர்ச்சையின் அளவுக்கு இம்மி பிசகாமல் பொருந்தியிருந்தது. என் பட்டியலில் இதற்குப் படி இல்லை.

மேடம் ஸ்கேலை அந்த முதல் பிடித்தத்துக்கு அடியில் வைத்தார். மேலே உள்ள வரிகளைப் படித்தார். எல்லாம் ஆஸ்பத்திரி கேன்டீன். பத்து ரூபாய், பத்து ரூபாய், இருபது ரூபாய், மருந்துக்கடை, மறுபடி பத்து ரூபாய். அவர் விரல் கீழே வந்தது. அதே கார்த்திகை அன்று மாலை, கேன்டீனில் தொண்ணூறு ரூபாய்.

"வெறும் டீயக் குடிச்சுட்டே உக்காந்துருக்கீங்க" என்றார் மேடம் மெதுவாக. "அன்னிக்குச் சாயந்தரந்தான் சோறு சாப்பிட்டிருக்கீங்க."

பாண்டியம்மாள் அந்தத் தாளைத் தொட்டுப் பார்த்தார். "அதுவுமா இதுல எழுதிருக்கு?"

சித்ரா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா சாப்பிடாமல் இருந்தது அவருக்கும் அதுவரை தெரிந்திருக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் சித்ரா என்னைத் தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் தனியாக அழைத்தார். "மேடம், தம்பிக்கு இன்னும் பதினெட்டு நாள்ல ரெண்டாவது ஆபரேஷன். மண்டையில எடுத்து வச்ச எலும்பத் திரும்ப வைக்கிறாங்க. அதுக்குள்ள நட்சத்திரத்தச் சரி பண்ணணும்னுதான் எங்கம்மா வந்துருக்கு. இப்பப் போயி பூசையே நடக்கலைன்னு தெரிஞ்சா ஒடஞ்சு போயிரும். சரி பண்ணிட்டோம்னு மட்டும் சொல்லி விட்டுருங்க. ஆபரேஷன் முடியட்டும், நான் பக்குவமா சொல்லிக்கிறேன்."

எனக்கு அது நியாயமாகவே பட்டது. மேடத்திடம் போய்ச் சொன்னேன். அவர் தலையை ஆட்டவில்லை. "கேக்க வந்தது அவங்க. கேட்டவங்களுக்குச் சொல்லாம வேற யாருக்குச் சொல்ல?" என்றார். பிறகு பாண்டியம்மாளுக்கு எதிரே உட்கார்ந்து, இருவர் முழங்காலும் இடிக்கிற அளவுக்கு நாற்காலியை முன்னால் தள்ளிக்கொண்டார்.

"அம்மா, இந்தப் பணம் கோயிலுக்குப் போகல. படம் அனுப்புற கம்பெனிக்குப் போகுது. இந்தத் திரையில கட்டளைன்னு போட்டது நாங்க. கோயில் போடல."

பாண்டியம்மாள் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூ எடுத்து எடுத்து நகக்கண்ணில் பச்சை ஏறிய கை.

"அப்ப எம்மவனுக்கு ஒரு மாசங்கூட நடக்கலையா?"

"இது வழியா நடக்கலம்மா."

'நடக்கல' என்று மட்டும் சொல்லியிருக்கலாம். 'இது வழியா' என்ற இரண்டு சொல்லை அவர் கூட்டிச் சொன்னதை நான் இன்றுவரை யோசிக்கிறேன். அவர் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். வங்கிக்குத் தெரிந்தது எவ்வளவோ அதை மட்டும் சொன்னார். அதற்கு மேல் ஒரு சொல்லும் போகவில்லை.

பாண்டியம்மாள் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். "சரி. நிறுத்திருங்க" என்றார். முதலில் அனுமதியை ரத்து செய்தேன், பிறகு செயலிக்குள் போய்ச் சந்தாவை நிறுத்தினேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்து, போன பணத்தைத் திரும்பக் கேட்கும் படிவம். அதில் காரணத்துக்கான கட்டங்கள் அச்சாகியிருக்கும். வழக்கமாக எல்லோரும் போடுவது முதல் கட்டம்: 'இந்தப் பரிவர்த்தனைக்கு நான் அனுமதி அளிக்கவில்லை.' நான் அதைக் குறித்து, படித்துக் காட்டி, பேனாவை நீட்டினேன்.

பாண்டியம்மாள் வாங்கவில்லை. "நான் அமுக்குனேன்ல தாயி."

"தெரியாமத்தான அமுக்குனீங்க?"

"தெரிஞ்சுதான் அமுக்குனேன். முருகனுக்குன்னு அமுக்குனேன். இப்ப நான் அமுக்கலன்னு கையெழுத்துப் போட்டா, அன்னிக்கு நேந்துக்கிட்டதும் இல்லன்னு ஆயிருமா இல்லையா?"

"அம்மா, இது சும்மா பாரம்தாம்மா" என்றார் சித்ரா. "ரெண்டாயிரம் ரூவாம்மா!"

"போனாப் போகுது. நாலு நாள் பூ. புள்ள ஆபரேஷனுக்குப் போறப்ப நான் பொய்க் கையெழுத்துப் போட்டுட்டு எந்த மொகத்தோட சாமி முன்னால நிக்க?"

அவர் குரல் உயரவே இல்லை. எத்தனையோ பேர் அந்தக் கட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டதைப் பார்த்திருக்கிறேன். தானே வாங்கிவிட்டு, வாங்கவில்லை என்று போட்டவர்களும் உண்டு. ஒரு வாக்கியம் உண்மையா என்று பார்த்துவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தவர் இவர் ஒருவர்தான்.

மேடம் படிவத்தை இழுத்துக்கொண்டார். மற்றக் கட்டங்களைப் படித்தார். 'ரத்து செய்த பிறகும் பணம் எடுக்கப்பட்டது.' இல்லை. 'சேவை கிடைக்கவில்லை.' தினமும் படம் வந்திருக்கிறது, அதுவும் இல்லை. கடைசியில் 'பிற' என்ற கட்டத்தைக் குறித்து, கீழே இருந்த காலி இடத்தில் தன் கையால் எழுதினார். எழுதியதைப் பாண்டியம்மாளிடம் இரண்டு முறை படித்துக் காட்டினார்.

"வாடிக்கையாளர் கட்டளைக்குச் சம்மதித்தார். சந்தாவுக்குச் சம்மதிக்கவில்லை. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தது வங்கி."

"இது நெசம்" என்று சொல்லிவிட்டுப் பாண்டியம்மாள் கையெழுத்துப் போட்டார்.

அந்தப் படிவம் சந்தா நிறுவனத்தின் மேல் போகவில்லை. எங்கள் வங்கியின் மேலேயே போனது. அப்படி ஒரு புகாரை எங்கள் மேசையிலிருந்து யாரும் அனுப்பியதில்லை. மூன்றாம் நாள் திரும்பி வந்தது. 'வாடிக்கையாளரின் ஒப்புதல் தெளிவாகப் பதிவாகியுள்ளது' என்று ஒரே வரி. மேடம் அதைப் படித்துவிட்டு என்னிடம், "பழனில யாராவது தெரிஞ்சவங்க இருக்காங்களா? கட்டளை ரசீது ஒண்ணு வேணும்" என்றார். பழனியில் லாட்ஜ் வைத்திருந்த என் சித்தப்பாவிடம் பழைய ரசீது இருந்தது. அதையும், முருகன் படச் செயலி பெயர் கேட்ட திரையிலிருந்து எங்கள் திரை வரைக்குமான படங்களையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினோம். இரண்டு பக்கமும் பெயர், நட்சத்திரம், தொகை, கட்டளை. மேடம் விளக்கம் எதுவும் எழுதாமல் அனுப்பினார்.

மறுநாள் தலைமை அலுவலகத்திலிருந்து போன். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன். "என்ன மேடம், ஒரே ஒரு வார்த்தைக்காகவா இவ்வளவு?"

"அந்த ஒரு வார்த்தையிலதான சார் நாம சம்மதம் வாங்குனோம்?" என்றார் மேடம்.

அந்தப் பக்கத்திலிருந்து, "பதிலுக்கு என்ன வார்த்தை போடலாம்னு நீங்களே எழுதி அனுப்புங்க" என்றார்கள்.

அந்த வேலை என்னிடம் வந்தது. ஒன்பது சொற்கள் எழுதினேன்: ஆணை, உத்தரவு, தானியங்கிப் பற்று என்று ஒன்றைவிட ஒன்று கடினம். வரிசையில் நின்றவர்களிடம் ஒவ்வொன்றாகக் காட்டி, "இத அமுக்குனா என்ன ஆகும்னு சொல்லுங்க" என்று கேட்டேன். 'தானியங்கிப் பற்று' என்பதைப் பார்த்த ஒருவர், "ஏதோ பூச்சி மருந்து மாதிரி இருக்கு" என்றார். பிரியாணிக் கடை அண்ணன்தான் எழுதிக்கொள்ளச் சொன்னார். "சுத்தி வளைக்காதீங்க. நிறுத்தச் சொல்ற வரைக்கும் தானா பணம் எடுத்துக்கிருவோம், சரியான்னு கேளுங்க." அதையே எழுத்துத் தமிழாக்கி அனுப்பினோம். சில வாரத்தில் தமிழ் தேர்ந்தெடுத்த எல்லோருடைய போனிலும் திரை மாறியது. "நீங்கள் நிறுத்தும் வரை தானாகப் பணம் எடுக்க அனுமதிக்கிறீர்களா?" என் ஒன்பது ஆண்டுப் பணியில் நான் தொட்டவற்றில் அதிகம் பேர் படித்தது அந்த வரியாகத்தான் இருக்கும். அது ஒரு பிரியாணிக் கடைக்காரர் சொன்னது.

ஆபரேஷனுக்கு நான்கு நாள் முன்பு பாண்டியம்மாள் கணக்கில் பணம் திரும்ப வந்தது. சொல்வதற்காகப் போன் செய்தேன். மறுநாளே பூ மார்க்கெட்டிலிருந்து நேராக வந்துவிட்டார். பணத்தை எடுக்கத்தான் வந்தார் என்று நினைத்தேன்.

"அது கெடக்கட்டும், பழனிக்குத்தான் போகுது. தாயி, நான் ஒண்ணு கேப்பேன், சிரிக்கக் கூடாது."

"சொல்லுங்கம்மா."

"பணம் எடுக்குறப்ப போன்ல டிங்குன்னு ஒரு சத்தம் வரும்ல? அது வந்தா எங்க நின்னாலும் பூவ மடியில போட்டுட்டு மலைப் பக்கம் திரும்பிக் கும்புட்டுக்குவேன். இப்ப அபிஷேகம் நடக்குதுன்னு நெனச்சுக்கிட்டு. பத்து தடவ கேட்டுப் பழகிருச்சு. பணம் எடுக்க வேணாம். அந்த டிங்கு மட்டும் வர்ற மாதிரி பண்ணித் தர முடியுமா? சரியா கார்த்திகையில?"

நான் சிரிக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் அருள்மேரி மேடம் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. 'இது வழியா நடக்கல' என்று அவர் அன்று சொன்னது என் காதில் திரும்பக் கேட்டது.

அவர் போனை வாங்கி நாட்காட்டிச் செயலியைத் திறந்தேன். மாதம் ஒருமுறை என்று போட்டால் தேதியில் நிற்கும், நட்சத்திரத்தில் நிற்காது. இருபத்தேழு நாள் என்று போட்டால் முன்னால் ஓடும். இருபத்தெட்டு என்று போட்டால் பின்னால் தங்கும். அதை நாங்கள் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. மென்பொருளில் இதற்கு விதி எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. ஆக ஒரே வழிதான். பஞ்சாங்கத்தை விரித்து வைத்துக்கொண்டு, அந்த ஆண்டில் மீதமிருந்த கார்த்திகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒவ்வொரு நாளையும் கையால் பதிந்தேன். நேரம் காலை எட்டு மணி. அது பூ எடுக்கிற நேரம் என்றார். ஒலியாக அவர் கேட்ட அதே டிங்கை வைத்தேன். தலைப்பு என்ன போடட்டும் என்று கேட்டேன்.

"கட்டளைன்னே போடு தாயி" என்றார்.

ஆபரேஷன் கார்த்திகையில் நடக்கவில்லை, அதற்கு இரண்டு நாள் முன்பே நடந்தது. செல்வம் இப்போது நன்றாக இருக்கிறார். வண்டி ஓட்டுவதில்லை, அம்மாவோடு பூ எடுக்கிறார்.

மேசை மூடிய பிறகு என் போனிலிருந்த அலுவலக எண்களையும் குழுக்களையும் ஒவ்வொன்றாக நீக்கினேன். பட்டியல் போட்டுத்தான் நீக்கினேன். ஒன்றை மட்டும் நீக்கவில்லை. அன்று பாண்டியம்மாள் போனில் பதிவதற்கு முன், சரியாக ஒலிக்கிறதா என்று பார்க்க அதே தேதிகளை முதலில் என் போனில் பதிந்திருந்தேன். ஒவ்வொரு ஆண்டும் சித்திரை பிறந்ததும் சித்ரா அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு வருகிறார். நான் புதுப் பஞ்சாங்கத்தைப் பார்த்து அந்த ஆண்டுக் கார்த்திகைகளை இரண்டு போனிலும் பதிகிறேன்.

போன கார்த்திகை அன்று காலை எட்டு மணிக்குத் திண்டுக்கல்லில் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். டிங் என்றது. கன்னிவாடியில் ஒருவர் இப்போது பூவை மடியில் போட்டுவிட்டுத் திரும்புகிறார் என்று தெரிந்தது. கம்பியிலிருந்து கையை எடுத்து நானும் அந்தப் பக்கம் திரும்பி நின்றேன்.